பத்துக்கு நாலு வாங்கிய மாப்பிள்ளை

போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு வாலிபர் ‘தெரியாது’ என்றார்.

ஒரு தடவை இல்லை. ஆறு தடவை.

எண்ணினேன். என் சங்கதிதான் உங்களுக்குத் தெரியுமே… முருங்கை மரத்தில் காய், மண்டபத்தில் தூண், விருந்தாளி கடித்த முறுக்கு — எதையும் எண்ணாமல் விடமாட்டேன். எண்ணிவிட்டால் கவலை குறையும் என்று ஒரு நினைப்பு. குறைவதில்லை. மொத்தம் எத்தனை கவலை என்பது மட்டும் சரியாகத் தெரிந்துவிடுகிறது.

இப்போதைக்கு என் கவலைகளில் முதலாவது கோமதி. இளைய மகள். பதினெட்டு வயது. அவளோடு பாண்டி ஆடின பெண்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு வந்து, “என்னளா, இன்னும் இங்கனதான் இருக்கியா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

“எங்கப்பாவுக்கு இன்னும் பாஸ் ஆன மாப்பிள்ளை கிடைக்கலளா,” என்று அவளும் சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பு வரவரச் சின்னதாகிக்கொண்டிருக்கிறது. அதை எண்ண முடியாது. ஆனால் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன்.

அதென்ன பாஸ்? சொல்கிறேன்.

மூத்த மகளுக்கு வரன் பார்த்தபோது தரகர் சங்கரலிங்கம், “மாப்பிள்ளை மெட்ரிகுலேஷன், அண்ணாச்சி,” என்றார். நானும் தெருவெல்லாம் அப்படியே சொல்லி வைத்தேன். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தன்று, மருமகனிடம் ஆசையாக ஒரு இங்கிலீஷ் பத்திரிகையை நீட்டினேன். தலைகீழாகப் பிடித்தார் என்று சொன்னால் பாவம். நேராகத்தான் பிடித்தார். ஆனால் படம் மட்டும் பார்த்தார்.

விசாரித்தேன். பரீட்சைக்குப் போனது மெய். மூன்று தடவை போனதும் மெய். பாஸ் ஆனதுதான் இல்லை.

தரகரைப் பிடித்து உலுக்கினால், “நான் மெட்ரிகுலேஷன்னுதான சொன்னேன்? பாஸுன்னு சொன்னனா?” என்றார்.

அந்த மருமகன் தங்கமான மனிதர், அது வேறு விஷயம். பாளையங்கோட்டையில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். மகள் சுகமாக இருக்கிறாள். மூன்று பேரப் பிள்ளைகள். இதை என் மனைவி வாரத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு ஞாபகப்படுத்துகிறாள். ஆனால் ஏமாந்தது ஏமாந்ததுதானே?

அன்றைக்கே முடிவு செய்தேன். கோமதிக்கு வருகிற மாப்பிள்ளையை நானே பரீட்சை செய்வது என்று.

எதில் பரீட்சை? கணக்கிலா? பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டுகிறவருக்கும் மனக்கணக்கு வரும். பூகோளத்திலா? லண்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்து என் மகளுக்கு என்ன ஆகப்போகிறது? யோசித்து யோசித்து, கடைசியில் பிடித்தேன் — இங்கிலீஷ் வினைச்சொல்லின் இறந்தகாலம். அதிலும் விதிக்கு அடங்காதவை.

இங்கிலீஷ் வினைகளில் முக்கால்வாசிப் பேர் சாது. ‘வாக்’ என்றால் ‘வாக்ட்’. வாலில் ஒரு ‘ட்’ ஒட்டினால் போதும், நடந்து முடிந்துவிடும். ஆனால் மிச்சம் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். என் இலக்கணப் புத்தகத்தில் எண்ணினேன், நூற்றுத் தொண்ணூற்று நாலு. இவர்கள் யாருக்கும் கட்டுப்படமாட்டார்கள். ‘கோ’ நேற்றைக்குப் போனால் ‘வெண்ட்’ ஆகிவிடுகிறது. அப்பனுக்கும் பிள்ளைக்கும் கொஞ்சமாவது முகஜாடை வேண்டாமா? ‘புட்’ என்று ஒருவர் — நேற்றும் புட், இன்றும் புட். இடி விழுந்தாலும் அசையமாட்டார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்தபோது, ‘டீச்’ என்பது ‘டாட்’ ஆகும் என்று உபாத்தியாயர் சொன்னார். அப்படியானால் பிரசங்கம் பண்ணுகிற ‘ப்ரீச்’? ‘ப்ராட்’ என்றேன், நியாயமாக. விரல் முட்டியில் பிரம்பு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரசங்கம் செய்கிற உபாத்தியாயரிடமா அதைச் சொல்வது?

ஆக, என் வாதம் இதுதான். விதி உள்ளதைப் புத்தி உள்ளவன் சொல்லிவிடுவான். விதி இல்லாததை, ஒவ்வொன்றாக உட்கார்ந்து பழகினவன்தான் சொல்ல முடியும். மாப்பிள்ளை உழைப்பாளியா, சோம்பேறியா என்று நிறுத்துப் பார்க்க இதைவிட நல்ல தராசு உண்டா? கோர்ட்டுக் கச்சேரியில் முப்பது வருஷம் தீர்ப்புகளுக்கு நகல் எழுதினவனின் வாதம்… பலமாகத்தான் இருந்தது.

“பொண்ணு கட்டிக் குடுக்கப் போறியளா, வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கப் போறியளா?” என்றாள் என் மனைவி.

நான் காதில் வாங்கவில்லை. பத்து வினைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். ‘கோ’ முதல் ‘பிரேக்’ வரை.

முதலில் வந்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. பத்தும் கேட்டு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அப்புறம் எழுந்தார். “பொண்ணு பாக்க வந்தமா, பள்ளிக்கூடத்துல சேர வந்தமா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அவருடைய அப்பாவுக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த முறுக்கோடு பின்னாலேயே ஓடினார்.

இரண்டாமவர் வந்தார். பத்துக்குப் பத்து! தடங்கலே இல்லை. சந்தோஷம் தாங்காமல், கூடுதலாக ஒன்று கேட்டு வைத்தேன். “ஸ்விம்?” அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “கோ, வெண்ட், கான்,” என்றார். பத்து முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

எனக்குச் சந்தேகம் தட்டியது. மூன்றாமவர் வந்தபோது வரிசையைத் தலைகீழாக்கினேன். முதலில் ‘பிரேக்’ கேட்டேன். “கோ, வெண்ட், கான்.” கடைசியாக ‘கோ’ கேட்டேன். “பிரேக், புரோக், புரோக்கன்.” கம்பீரமாகச் சொன்னார். எதைக் கேட்டாலும் பழைய வரிசைப்படியே பதில் வந்துகொண்டிருந்தது. அவருடைய அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, பெருமையில்.

இரண்டு பேரையும் வேண்டாம் என்றேன். பொய்யர்களுக்குப் பெண் கொடுப்பதா?

மறுநாள் காலை குறுக்குத்துறையில் குளித்துவிட்டு ஆற்றில் நின்று ஐந்தெழுத்து சொல்லிக்கொண்டிருந்தேன். நூற்றெட்டு சொல்வது வழக்கம். பாதி வழியில், பக்கத்தில் தொபீர் என்று ஒருவர் முங்கி எழுந்தார். தரகர் சங்கரலிங்கம். எண்ணிக்கை போயிற்று.

“என்னவே,” என்றேன். “என் பத்தையும் ஊர்ல விக்குதீரா?”

“விக்குதனா? சும்மால்ல குடுக்கேன்!” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அண்ணாச்சி, முதல்ல கோவிச்சுக்கிட்டுப் போனாரே, அவரு ஊர் பூரா சொல்லிட்டாரு. நீங்களும் கேட்ட பத்தையேல்லா கேக்கிய? இந்தா, அங்கன துணி தொவைக்காரே, அவரைக் கேளுங்க. வெண்ட், கான் எல்லாம் அத்துப்படி.”

துணி துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து மரியாதையாகச் சிரித்தார். நான் திரும்பிக்கொண்டேன்.

“கோவப்படாதிய. வேற ஒரு பையன் இருக்கான். ஆறுமுகம்னு பேரு. சொந்த ஊரு கல்லிடைக்குறிச்சி. அம்பாசமுத்திரத்துக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஸ்டேஷன்ல சிக்னலரா இருக்கான். தாய் தகப்பன் இல்லை. தாய்மாமன் வளர்ப்பு.”

“மெட்ரிகுலேஷனா?”

“பாஸ்! இந்தத் தடவை வாய்விட்டே சொல்லுதேன், அண்ணாச்சி. பாஸ்.”

“என் பத்தைச் சொல்லிக் குடுத்தாச்சா?”

தரகர் ஆற்றைப் பார்த்தார். “எல்லாருக்கும் குடுத்துட்டு, தாய் தகப்பன் இல்லாத பையனுக்கு மட்டும் குடுக்காம இருந்தா பாவம் இல்லையா?”

சரி, இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வேறு பத்து பொறுக்கினேன். ஆற்றில் துவைக்கிறவருக்கும் தெரியாத பத்து.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள் — தரகர், மாப்பிள்ளை, தாய்மாமன். தாய்மாமன் நல்ல ஆகிருதி. உள்ளே நுழைந்ததும், கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஒரு பெரிய கட்டு, தாம்பாளத்தில் வைத்தார். பத்தமடைப் பாயில் உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. (ஆமாம், காப்பி. எங்கள் தெருவுக்குள்ளும் அது வந்துவிட்டது. அந்தக் கவலையை வேறொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.)

“எங்க பையனுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு,” என்று ஆரம்பித்தார் தாய்மாமன். “துரைமாரே இவன்கிட்டதான் சந்தேகம் கேக்காவ.”

“அப்படிச் சொல்லாதிய மாமா,” என்றார் மாப்பிள்ளை பைய.

மெலிந்த உடம்பு. காது கொஞ்சம் பெரிது. பேசுகிறவர் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்கிறார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் அவரே கையைத் தூக்கினார்.

“ஐயா, ஒரு வார்த்தை. நீங்க கேக்கிற பத்தும் எனக்குத் தெரியும். தரகர் அண்ணாச்சி சொல்லிக் குடுத்துட்டாரு. கேட்டா சொல்லிருவேன். ஆனா அது பரீட்சை ஆகாதுல்லா? வேற கேளுங்க.”

தரகருக்குக் காப்பி புரையேறியது. என் மனைவி உள்ளிருந்து வந்து, கூடத்துப் பானையில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே உள்ளே போகாமல், அந்தப் பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

“வேறதான் வெச்சிருக்கேன்,” என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மூடி வைத்த பெட்டியை நான் திறப்பதற்குள் இவர் திறந்துவிட்டாரே.

“ரிங்?”

“ரிங், ராங், ரங்.”

“ஸ்ட்ரைவ்?”

உத்தரத்தைப் பார்த்தார். நினைவு எங்கேயாவது தொங்குகிறதா என்று தேடினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “தெரியாது ஐயா,” என்றார்.

தாய்மாமன் திடுக்கிட்டார். “ஏலே, ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லி வையி.”

“தெரியாததை எப்படி மாமா சொல்ல?”

“ஸ்லே?”

“தெரியாது ஐயா.”

தாய்மாமன் கை பைய நீண்டு அப்பளக் கட்டைத் தாம்பாளத்திலிருந்து தம் பக்கம் ஒரு விரல் அகலம் நகர்த்தியது. நான் கவனித்தேன்.

“கிளீவ்?”

“அப்படின்னா என்ன ஐயா அர்த்தம்?”

“பிளக்கிறது.”

“விறகு பிளக்கிறதா, வேற எதுவுமா?”

எனக்கும் சட்டென்று வரவில்லை. முப்பது வருஷம் நகல் எழுதினதில் அந்த வார்த்தை ஒரு தடவைகூட என் பேனாவில் ஏறியதில்லை. “நான்தான் கேள்வி கேக்குதேன், தம்பி,” என்றேன்.

“தெரியாது ஐயா.”

இப்படியே போயிற்று. இடையிடையே இன்னும் மூன்று சரியாகச் சொன்னார். மிச்சத்துக்கெல்லாம் ‘தெரியாது’. வருத்தமாகவும் சொல்லவில்லை, அலட்சியமாகவும் சொல்லவில்லை. தாகமா என்று கேட்டால் ‘இல்லை’ என்போமே, அப்படி. ஒவ்வொரு ‘தெரியாது’வுக்கும் அப்பளக் கட்டு நகர்ந்துகொண்டே வந்தது. ஆறாவதற்கு அது தாய்மாமன் மடிக்கு ஏறிவிட்டது.

பத்துக்கு நாலு.

“தம்பி, மெட்ரிகுலேஷன் பாஸ் ஆனவரு நீரு,” என்றேன். எரிச்சலை மறைக்க முடியவில்லை. “ஆறு தடவை தெரியாதுன்னு சொல்லுதீரே… கூச்சமா இல்லையா?”

“பாஸ் ஆனப்போ எல்லாம் தெரியும் ஐயா. இப்போ பாதி மறந்துட்டு,” என்றார். கொஞ்சம் யோசித்தார். “அதுவும் போக, தெரியாதுன்னு சொல்லுததுக்குத்தான் ஐயா எனக்குச் சம்பளமே.”

“என்னது?”

“ஒத்தைத் தண்டவாளம் ஐயா எங்க லைன். போற வண்டிக்கும் வார வண்டிக்கும் அது ஒண்ணுதான். அடுத்த ஸ்டேஷன்காரன் ‘வழி சும்மா கிடக்கு, வண்டியை விடு’ன்னு தந்தி அடிச்சாத்தான் நான் விடணும். அதுக்குப் பேரு லைன் கிளியர். தந்தி ‘கட்டு-கட’ன்னு சத்தமாத்தான் வரும். மழை நாள்ல பாதி காதுல விழும், பாதி விழாது. அப்போ, இப்படித்தான் சொல்லியிருப்பான்னு நானா நினைச்சுக்கிட்டு வண்டியை விட்டேன்னு வைங்க… நடுவுல ரெண்டு வண்டியும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிடும். அதனால, விழலைன்னா விழலைன்னு திருப்பி அடிக்கணும். மறுபடி சொல்லுன்னு கேக்கணும். எத்தனை தடவை ஆனாலும் சரி. கார்டு வந்து கத்துவாரு, டிரைவர் வந்து கத்துவாரு. நான் விடமாட்டேன்.”

தாய்மாமன் அப்பளக் கட்டின் மேல் தாளம் போடுவதை நிறுத்திவிட்டார்.

“தொண்டை காயுது. தண்ணி குடிச்சிட்டு வாரேன்,” என்று எழுந்து உள்ளே போனேன்.

தண்ணீர்ப் பானை கூடத்திலேயேதான் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும்.

நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் ‘தெரியாது’ என்ற வார்த்தையை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? புதுத் தெரு ஒன்றில் போய் நின்று, இன்னார் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். தெரியாது என்று சொல்லி உங்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற நல்ல மனசு! வைத்தியரைக் கேளுங்கள், வக்கீலைக் கேளுங்கள், ஜோசியரைக் கேளுங்கள்… எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

கச்சேரியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த ஒரு துரை, தமக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த முன்ஷியிடம் கேட்டாராம். “ஓடு — ஓடினான். பாடு — பாடினான். சரி. போடு என்றால் ஏன் போடினான் இல்லை? ஏன் போட்டான்?” நியாயமான கேள்விதானே? இங்கிலீஷ்காரரின் தாறுமாறுகளை எண்ணிக்கொண்டிருந்த நான், நம்முடையதை ஒரு நாளும் எண்ணினதில்லை. முன்ஷி ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். சொல்வாரா? அரைமணி நேரம் ஒரு விதி சொன்னார். “உயிர் உள்ளவை ஓடும், பாடும், துரையே. உயிர் இல்லாத பொருளைத்தான் நாம் போட்டோம்.” துரை பக்தியாக அதை மனப்பாடம் செய்தார். மறுநாள் கச்சேரிக்கு வந்து எல்லோரிடமும் சொன்னார்: “என் நாய் நாலு குட்டி போடியது!”

குட்டிக்கு உயிர் இருக்கிறதே. துரையின் மேல் என்ன தப்பு?

இதெல்லாம் அடுக்களை வாசலில் நின்றபோது எனக்கு நினைவு வந்தது. கோமதி அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா காப்பி டம்ளரைக் கழுவுவதுபோல் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே டம்ளரை.

“பத்துக்கு நாலு,” என்றேன், யாருக்கும் இல்லாமல்.

“நானும் எண்ணிக்கிட்டுத்தான்பா இருந்தேன்,” என்றாள் கோமதி.

எண்ணாமல் இருப்பாளா? யார் மகள்?

“முதல்ல வந்தவரு கோவிச்சுக்கிட்டுப் போனாரு. அது அவரு இஷ்டம். அடுத்து வந்த ரெண்டு பேரும் பத்துக்குப் பத்து. பொய்யின்னு வேண்டாம்னு சொன்னிய. சரின்னேன்.” அவள் குரல் நடுங்கவில்லை. ஆனால் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். “பொய்யின்னு ரெண்டு பேரை அனுப்பிட்டு, இப்போ மெய்யின்னு ஒருத்தரை அனுப்பப் போறியளா? அப்போ யாருதான்பா வரணும்?”

என்னிடம் எப்போதும் பதில் இருக்குமே! எதையாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். அதற்குப் பதிலாக, இதுவரை அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

“ஏட்டி, உனக்குச் சம்மதமா?”

இத்தனை பரீட்சையிலும் அந்த ஒரு கேள்வி மட்டும் வரவே இல்லை பாருங்கள்.

அவள் கூடத்துப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து எதுவும் தெரியாது, சுவர்தான் தெரியும். சுவரைப் பார்த்தே சிரித்தாள். பழைய சிரிப்பு. முழுச் சிரிப்பு.

“இவரு வண்டியை மோத விடமாட்டாருப்பா,” என்றாள்.

அவள் அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். “ரயிலுக்கு நேரம் ஆகுதுல்லா? நின்னுக்கிட்டே இருக்கியளே,” என்று என்னை விரட்டினாள்.

கூடத்துக்கு வந்தேன். தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். அப்பளக் கட்டு இப்போது கக்கத்தில் இருந்தது. தரகர் என் முகத்தைப் பார்க்கத் துணியாமல் உத்தரத்துக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். (ஒன்பது. நான் சொல்லியிருப்பேன்.) மாப்பிள்ளை மட்டும் அதே இடத்தில், அதே மாதிரி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று உற்றுப் பார்த்துக்கொண்டு.

“அண்ணாச்சி,” என்றேன் தாய்மாமனிடம். “அப்பளத்தைக் கீழ வையும்.”

அவருக்குப் புரியவில்லை. தரகருக்குப் புரிந்துவிட்டது. தாவி வந்து அந்தக் கட்டைக் கக்கத்திலிருந்து உருவித் தாம்பாளத்தின் நட்ட நடுவில் வைத்தார். இரண்டு அப்பளம் நொறுங்கின சத்தம் கேட்டது. சுப காரியத்தில் அதையெல்லாம் பார்க்கலாமா? நான் பார்த்தேன்தான். சொல்லவில்லை.

“அந்த ஆறையும் கல்யாணத்துக்குள்ள படிச்சிருதேன், மாமா,” என்றார் ஆறுமுகம்.

தாய்மாமனும் திரும்பினார், நானும் திரும்பினேன். மாப்பிள்ளை பார்த்தது என்னை. காலையிலிருந்து ‘ஐயா’வாக இருந்தவன் ‘மாமா’ ஆகிவிட்டேன்.

“வேண்டாம்,” என்றேன். “அதை எல்லாம் படிச்சு வெச்சுக்கிட்டு நான் மட்டும் என்ன செஞ்சேன்? கிளீவ்!”

உள்ளே யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

ஐப்பசியில் கல்யாணம் என்று பேசி வெற்றிலை மாற்றிக்கொண்டோம். ரயிலுக்கு நேரமாகிறதே, நேரமாகிறதே என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை, “பதறாதிய மாமா. எதிர் வண்டி இன்னும் அங்கனயே கிளம்பியிருக்காது, எனக்குத் தெரியும்,” என்றார். பேசாமல் உட்கார்ந்தேன். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்கிறபோது இவரிடம் ஒரு அழுத்தம் இருக்கிறது. ஆறு தடவை தெரியாது என்று கேட்ட காதுக்கு, அந்த ஒரு ‘தெரியும்’ எவ்வளவு தெம்பாக இருக்கிறது!

அவர்கள் போன பிறகுதான் அந்த நாலையும் நினைத்துப் பார்த்தேன். பத்தில் அவர் சரியாகச் சொன்ன நாலு. ரிங், ப்ளோ, ஸெண்ட், ஹோல்ட். மணியை அடிக்க, விசிலை ஊத, தந்தியை அனுப்ப, வழி தெளிவாகும்வரை வண்டியை நிறுத்தி வைக்க… தினமும் கையால் செய்கிறதில் ஒன்றுகூட மறக்கவில்லை. மறந்த ஆறையும் அவர் செய்ததே இல்லை. நானும் செய்ததில்லை. நூற்றுத் தொண்ணூற்று நாலையும் தலையில் சுமந்துகொண்டு திரிந்தேனே… அதில் எத்தனையை வாழ்க்கையில் செய்தேன் என்று இப்போதுதான் எண்ண ஆரம்பித்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னமும் சொல்வேன். என் தராசு தப்பில்லை. விதி இல்லாததை ஒவ்வொன்றாகப் பழகித்தான் அறிய வேண்டும். தட்டில் வைத்த பொருள்தான் தப்பு. கல்யாணம், பிள்ளைகள், மருமகன்கள் — இவர்களில் யாருடைய வாலிலாவது ஒரு ‘ட்’ ஒட்டி வேலையை முடிக்க முடிந்திருக்கிறதா? எல்லோரும் ‘கோ — வெண்ட்’ ஜாதிதான்.

சாயங்காலம், கூடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி தாம்பாளத்தை எடுக்க வந்தவள், எடுக்காமல் தூணில் சாய்ந்து நின்றாள். காலையிலிருந்து அவ்வளவு திடமாக இருந்தவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“ஏங்க… சின்ன ஸ்டேஷன்னு சொல்லுதாவ. சுத்தி ஒரு வீடு வாசல் இருக்காதாம். நம்ம புள்ள அங்கன நல்லா இருப்பாளா?”

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் உடனே பதில் சொல்லிவிடுகிற ஆள். மூத்தவள் கல்யாணத்தின்போது ஒன்பது காரணங்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். இப்போதும் விரலை மடக்கினேன். முதல் காரணம்… என்று ஆரம்பித்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலை விரித்துவிட்டேன்.

“தெரியாது,” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்போ இருப்பா,” என்று தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்குக் கூடத்தில் அது ஏழாவது.